லினக்ஸில் அச்சிடும்போது தமிழ் மட்டும் ஆங்கில எழுத்துகளாக மாறிவிடுகிறது

கேட்பவர்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளியொன்றில் பணிபுரிகிறேன். பள்ளிக் கணினியில் உபுண்டு 22.04 உள்ளது. சித்தூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தமிழ்ச் சொல்லும் அதற்கு நேரான மலையாளச் சொல்லும் அடுத்தடுத்து வரும்படி 40 பயிற்சித்தாள்களைத் தம் விண்டோஸ் கணினியில் தயாரித்து, பிடிஎஃப் கோப்புகளாக அனுப்பியிருக்கிறார். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. தாளிலோ மலையாளம் பிசகின்றி விழ, தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வருகின்றன. லிப்ரேஆஃபீஸில் நான் தட்டச்சு செய்யும் தமிழ் அறிவிப்புகள் அதே பிரிண்டரில் நன்றாகவே வருவதால் பிரிண்டரைக் குறை சொல்லவும் வழியில்லை. டிரைவரை நீக்கி மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன்.

பதில்: நகரி அச்சகத்தார்

சித்தூர் என்றதும் எங்கள் ஆந்திரச் சித்தூர் என்றே முதலில் நினைத்துவிட்டேன். டிரைவரை விட்டுவிடுங்கள், அம்மா. ‘தமிழ்’ என்ற சொல் வர வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்திருந்தால் அது பாமினி எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய முறை அது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். எழுத்துரு கிடைக்காத இடத்தில் அடியிலிருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். பழைய தெலுங்கு எழுத்துருக்களோடு வரும் திருமணப் பத்திரிகைகளில் இதே கூத்தை நாங்கள் வாரந்தோறும் பார்க்கிறோம்.

டெர்மினலில் ‘பிடிஎஃப்ஃபான்ட்ஸ்’ என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்து, ‘ஈஎம்பி’ என்ற நெடுவரிசையில் என்ன வருகிறது என்று பாருங்கள். எழுத்துரு கோப்புக்குள் பொதியப்பட்டிருந்தால் ‘எஸ்’ என்றும், இல்லையென்றால் ‘நோ’ என்றும் காட்டும். எந்த வழியாக அச்சுக்கு அனுப்புகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேட்பவர்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

தாங்கள் சொன்னது சரி, ஐயா. மலையாள எழுத்துருவுக்கு ‘எஸ்’, பாமினிக்கு ‘நோ’. கோப்புகளைத் திறந்தபோது முதலில் திரையிலும் இப்படித்தான் தெரிந்தது; ஆசிரியர் அனுப்பிய பாமினியை என் ஹோம் அடைவில் உள்ள எழுத்துரு அடைவில் போட்ட பிறகே சரியானது. 40 கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறக்க நேரமில்லாமல், டெர்மினலில் ‘எல்பி’ கட்டளையால் மொத்தமாக அனுப்பினேன். இப்போது ஒன்றை மட்டும் எவின்ஸ் என்ற பிடிஎஃப் காட்டும் நிரலில் திறந்து அச்சிட்டுப் பார்த்தால், வியப்பாக இருக்கிறது, தமிழ் சரியாக வருகிறது!

பதில்: செங்கோட்டைக்காரன்

அந்த வியப்பில்தான் விடை இருக்கிறது. எவின்ஸ் உங்கள் பெயரில் இயங்குகிறது. ஆகவே உங்கள் ஹோம் அடைவில் உள்ள பாமினியை எடுத்து, பக்கத்தை வரைந்து, எழுத்துருவையும் சேர்த்தே அச்சுக்கு அனுப்புகிறது. ‘எல்பி’ அப்படிச் செய்வதில்லை. கோப்பை உள்ளபடியே, லினக்ஸில் அச்சுப் பணிகளைக் கவனிக்கும் கப்ஸிடம் கொடுத்துவிடுகிறது. கோப்பை அச்சுக்கேற்ப மாற்றும் கப்ஸின் வடிகட்டி நிரல்கள் உங்கள் பெயரில் அல்லாமல் ‘எல்பி’ என்ற தனிப் பயனர் பெயரில் இயங்குவதால், அவை உங்கள் ஹோம் அடைவைத் தேடுவதே இல்லை. பாமினி கிடைக்காதபோது கையில் அகப்பட்ட வேறோர் எழுத்துருவைக் கொண்டு நிரப்பிவிடுகின்றன. லிப்ரேஆஃபீஸ் அச்சுக்கு அனுப்பும்போது எழுத்துருவைப் பொதிந்தே அனுப்பும் என்பதால் உங்கள் அறிவிப்புகளுக்கு இந்தச் சிக்கல் நேரவில்லை.

பாமினிக் கோப்பை ‘யூஎஸ்ஆர்’ அடைவில் ‘லோக்கல்’, அதனுள் ‘ஷேர்’, அதனுள் ‘ஃபான்ட்ஸ்’ என்ற இடத்துக்கு நகலெடுத்து, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘எஃப்சி-கேஷ்’ கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்குங்கள்.

கேட்பவர்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

செய்தேன், மாற்றமில்லை.

பதில்: செங்கோட்டைக்காரன்

நகலெடுத்த கோப்பின் அனுமதி 600 என்று இருக்கிறதா, பாருங்கள். அப்படியிருந்தால் உரிமையாளரைத் தவிர வேறெவரும் அதைப் படிக்க முடியாது. 644 ஆக மாற்றுங்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். இன்னொரு வழியும் உண்டு: ‘பிடிஎஃப்டுகெய்ரோ’ கட்டளையால் ஒவ்வொரு கோப்பையும் புதிய பிடிஎஃப் ஆக்கினால், அது உங்கள் பெயரிலேயே இயங்கி எழுத்துருவையும் உள்ளே பொதிந்துவிடும். அந்தக் கோப்புகளை வேறு பள்ளிக்கு அனுப்பினாலும் கெடாது என்பதால் நான் இதையே விரும்புவேன்.

கேட்பவர்: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

அனுமதி 600 ஆகத்தான் இருந்தது. மாற்றியதும் சரியானது, ஆயினும் இரண்டாம் வழியில் 40 கோப்புகளையும் புதிதாக்கி வைத்துக்கொண்டேன். இனி யூனிகோடில் தட்டச்சு செய்யுமாறு ஆசிரியரிடம் கேட்டேன். பாமினி விசைகளுக்கே விரல் பழகிவிட்டது என்கிறார்.

பதில்: நகரி அச்சகத்தார்

அவர் விண்டோஸில் எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவிக்கொள்ளட்டும். அதில் பாமினி விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால், விரல் போகும் இடம் அதேதான். திரையில் விழுவது மட்டும் யூனிகோடு. பழைய தாள்களை எழுத்துரு மாற்றி நிரலின் வழியாக யூனிகோடாக்கினால், எழுத்தின் இருபுறமும் குறி வரும் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்றவை பிசகக்கூடும்; அவை வரும் சொற்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடச் சொல்லுங்கள்.