பிஎம்6: வோல்டேஜ் சரி, ஃபில் ஃபேக்டர் மட்டும் 58%

கேள்வி:
கரிமச் சூரிய மின்கலம் செய்கிறேன்: லேபில் ஸ்டில்லே வினையில் (பலேடியம் வினையூக்கியால் டின் மோனோமரை இன்னொரு மோனோமரோடு இணைப்பது) தயாரித்த பிஎம்6 (எலக்ட்ரான் தரும் பாலிமர்), விலைக்கு வாங்கிய ஒய்6 (எலக்ட்ரான் ஏற்கும் சேர்மம்). எடை விகிதம் 1:1.2, குளோரோஃபார்மில் மொத்தம் 16 மி.கி./மி.லி., சேர்க்கையாக 1-குளோரோநாப்தலீன் 0.5%, பிறகு ஃபிலிமை 110 டிகிரியில் 10 நிமிடம். வோல்டேஜ் 0.84 வோல்ட், கரண்ட் ச.செ.மீ.க்கு 22 மில்லிஆம்பியர், ஃபில் ஃபேக்டர் (இந்த இரண்டின் பெருக்கத்தில் எத்தனை சதவீதம் உண்மையில் மின்திறனாகக் கிடைக்கிறது என்பது) 58%. வாங்கிய பிஎம்6-ஐப் போட்டால் அதே நாளில் 74% வருகிறது. குளோரோஃபார்ம் ஜிபிசியில் (சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்து எடை காணும் முறை) எண்-சராசரி மூலக்கூறு எடை 12,000. அமைப்பை மாற்றி இன்னும் ஃப்ளோரின் சேர்க்கலாமா?

பதில் 1:
வேண்டாம். ஃப்ளோரின் பாலிமரின் ஹோமோ மட்டத்தை (எலக்ட்ரான் நிரம்பிய உச்ச ஆற்றல் மட்டம்) இறக்கி வோல்டேஜைக் கூட்டும். உங்களுக்கு அங்கே குறையே இல்லை. கோளாறு சங்கிலி நீளத்தில். பிஎம்6 சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அலகின் எடை சுமார் 1,220. அப்படியானால் உங்களிடம் இருப்பது பத்தே அலகு. மோனோமர் விகிதத்திலிருந்து சங்கிலி நீளத்தைச் சொல்லும் கரோதர்ஸ் கணக்குப்படி, வினை முழுக்க முடிந்திருந்தாலும் இரண்டு மோனோமர்களின் அளவுக்கும் இடையே 10% வித்தியாசம் இருந்திருக்கும். 3%-க்குள் கொண்டுவந்தால் 40,000-ஐ எட்டலாம்.

முதலில் டின் மோனோமரைச் சந்தேகியுங்கள். சுத்திகரிக்கச் சிலிக்கா நிரப்பிய குழாயில் விட்டால் டின் கழன்றுவிடும், மறுபடிகமாக்கல்தான் வழி. அந்த மோனோமர் 0.1 மில்லிமோல் என்பது 94 மி.கி.தான். எடைபோட்ட தாளில் 3 மி.கி. ஒட்டிக்கொண்டாலே 3% போச்சு!

பதில் 2:
அந்த 12,000-மே கூடுதலாக இருக்கலாம். அறை வெப்பத்தில் பிஎம்6 சங்கிலிகள் குளோரோஃபார்மில் திரண்டு, பெரிதாகக் காட்டும். 150 டிகிரி ட்ரைகுளோரோபென்சீனில் பாருங்கள்.

வினையூக்கியிலிருந்து பாலிமரில் தங்கிய மிச்சப் பலேடியமும் ஃபில் ஃபேக்டரைத் தின்னும். குளோரோஃபார்ம் கரைசலைச் சோடியம் டைஎத்தில்டைதயோகார்பமேட் நீர்க்கரைசலோடு சூடாகக் கலக்கிப் பிரியுங்கள். பிறகு சாக்ஸ்லெட்டில் (சூடான கரைப்பானால் திரும்பத் திரும்பக் கழுவும் கருவி) வரிசையாக மெத்தனால், அசிட்டோன், ஹெக்சேன், டைகுளோரோமீத்தேன், கடைசியில் குளோரோஃபார்ம். டைகுளோரோமீத்தேனோடு குட்டைச் சங்கிலிகள் போய்விடும். விளைச்சல் குறையும், கவலைப்படாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, சங்கிலி ரொம்ப நீண்டுவிட்டால்?

பதில் 3:
கரைசல் ஆறும்போது ஜெல்லாக உறையும், ஃபில்டர் அடைக்கும், ஃபிலிமில் கோடு விழும். 50 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்கி, சூடு ஆறுமுன் ஸ்பின் செய்யுங்கள் (சுழலும் தகட்டில் ஊற்றி ஃபிலிமாக்குங்கள்). கரைசலின் அடர்த்தியை 16-இலிருந்து 14 மி.கி./மி.லி.-க்கு இறக்கலாம். நீண்ட சங்கிலியால் கரைசல் குழகுழப்பாகும்; பழைய வேகத்திலேயே சுற்றினால் ஃபிலிமின் தடிமன் கூடி ஃபில் ஃபேக்டர் மறுபடி சரியும். 100-120 நானோமீட்டரில் நிறுத்துங்கள்.

புதிதாகச் சமைப்பதற்கு முன் ஒரு மலிவான சோதனை: நீங்கள் செய்தது, வாங்கியது என இரண்டு பிஎம்6-ஐயும் தனித்தனியே ஃபிலிமாக்கி உறிஞ்சல் நிறமாலை எடுங்கள். 575 நானோமீட்டர் பக்கத்து உச்சியோடு ஒப்பிட்டால் 615 நானோமீட்டர் உச்சி உங்களுடையதில் தாழ்ந்திருந்தால், சங்கிலிகள் சரியாக அடுக்கப்படவில்லை.