பழைய வீட்டில் சென்ட்ரல் வேக்குவம்: குழாய் இருக்கிறது, மெஷின் இல்லை

அஜாக்ஸ் அம்மா:

வணக்கம். ஒன்ராறியோவில் அஜாக்ஸ் நகரில் இருக்கிறோம். மார்ச் மாதம் வாங்கிய வீடு, 1998இல் கட்டியது. இரண்டு மாடி, பேஸ்மென்ட், 2,400 சதுர அடி. சுவரில் மூன்று இடங்களில் மூடி போட்ட வட்டத் துளைகள் இருக்கின்றன. கராஜில் ஒரு வெள்ளைக் குழாய் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் இரண்டு மெல்லிய வயர்கள் தொங்குகின்றன. இது சென்ட்ரல் வேக்குவத்துக்குப் போட்ட குழாயாம்: ஒரே மெஷின் ஓரிடத்தில் நிற்கும், சுவர்த் துளையில் ஹோஸைச் சொருகினால் சுவருக்குள் போகும் குழாய் வழியாகத் தூசியை இழுக்கும். அந்த மெஷின் மட்டும் இல்லை.

எங்கள் ஏழு வயது மகளுக்கு ஆஸ்துமா. படிக்கட்டிலும் படுக்கையறைகளிலும் கார்பெட். நான் வேக்குவம் பிடித்த நாளில் அறை முழுக்கத் தூசி மணக்கும். அன்று இரவு அவள் இருமுவாள். நான் வீட்டைத் துப்புரவாக்குவதே பிள்ளைக்கு வருத்தத்தைக் கொண்டுவருகிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

கடையில் ஒருவர் 700 ஏர் வாட் (இழுக்கும் சக்தியின் அளவு) மெஷின்தான் எடுக்க வேண்டும் என்றார். இன்னொருவர், ஹோஸ் சுவருக்குள்ளேயே போய்விடும் முறையைக் காட்டினார். எதை எடுப்பது? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ அண்ணன்:

தங்கச்சி, மெஷினைப் பிறகு பார்க்கலாம், முதலில் குழாயைப் பாருங்கள். பதினாறு வருடமாக இதைத்தான் பூட்டுகிறேன். வீடு கட்டுகிறவர்கள் குழாயைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பல வீடுகளில் அதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். மூட்டில் பசை பூசாமல் விட்டதையும், சுவர்ப்பலகைக்கு அடித்த ஆணி குழாயைத் துளைத்திருந்ததையும் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஒரு ஷாப் வேக் (பட்டறை வேலைக்குப் பாவிக்கும் வேக்குவம்) இரவல் வாங்குங்கள். அதன் ஹோஸைக் கராஜில் நிற்கும் குழாயோடு சேர்த்து, இடைவெளியில் துணியைச் சுற்றி ஓட விடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மூடியை மட்டும் திறந்து டிஷ்யூத் தாளைக் காட்டுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் இழுக்க வேண்டும். பிறகு 30 அடிக் கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு துளையிலிருந்தும் மூலை மூலையாக நடந்து பாருங்கள். கயிறு எட்டாத மூலைக்கு 30 அடி ஹோஸும் எட்டாது.

அந்த மெல்லிய வயர்கள் 24 வோல்ட். மெஷினை ஓடச் செய்யும் சுவிட்சுக்கு மட்டும்தான் அவை. கார்பெட்டுக்கு மோட்டார் வைத்த பிரஷ் வேண்டும். உங்கள் துளைகளில் அதற்கான 120 வோல்ட் இணைப்பு இல்லையென்றால், வயர் தொங்கும் ஹோஸ் வாங்கி அருகிலுள்ள பிளக்கில் சொருக வேண்டும். காற்றின் விசையில் சுழலும் பிரஷ் மலிவு, ஆனால் படிக்கட்டுக் கார்பெட்டுக்கு நான் அதைத் தர மாட்டேன்.

ஏர் வாட் எண் மெஷினின் வாயில் அளந்த உச்ச அளவு. குழாய் ஒழுகினால் 700 இருந்தும் பயனில்லை. உங்கள் வீட்டுக்கு 600 அளவில் போதும்.

பிள்ளைக்காகக் கேட்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: வெளியேறும் காற்றைக் கராஜுக்குள் விடாதீர்கள், வெளிச்சுவர் வழியாக வெளியே விடுங்கள். யன்னலுக்கும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் காற்றை இழுக்கும் குழாய்க்கும் தள்ளி வையுங்கள். வடிகட்டியில் தப்பும் மிக நுண்ணிய தூசியும் வீட்டுக்குள் திரும்பாது. பை வைத்த மெஷினையே எடுங்கள். வாளியைக் கொட்டும் வகையில் கொட்டும்போதே தூசி கிளம்பும். கராஜ் சுவரில் குழாய் நுழையும் இடத்தைச் சுற்றி இடைவெளி இருந்தால் அதையும் சரியான முறையில் அடைக்க வேண்டும். கார் புகை வீட்டுக்குள் வரக்கூடாது.

மார்க்கம் மாமி:

சுவருக்குள் போகும் ஹோஸ் எங்கள் வீட்டில் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வீடு கட்டும்போதே அதற்கென்று அகன்ற வளைவுகளோடு குழாய் போட்டோம். உங்கள் பழைய குழாயில் அது ஓடாது, சுவரை உடைக்க வேண்டி வரும். வேண்டாம், பிள்ளை.

அந்தப் பணத்தில் குசினி அலமாரியின் அடியில் ஒரு வாய் வையுங்கள். தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு வந்து, காலால் தட்டினால் இழுத்துக்கொள்ளும். சிந்திய அரிசி, கடுகு, கறிவேப்பிலைச் சருகு எல்லாம் போய்விடும். ஈரமானதை மட்டும் காட்டிவிடாதீர்கள். ஹோஸுக்குத் துணி உறையும் வாங்குங்கள், சுவர் மூலைகளில் உரசாது.

பிராம்ப்டன் வாசகர்:

நான் மாற்றிச் சொல்கிறேன். எங்களுடையது சிறிய டவுன்ஹவுஸ். ஹெப்பா வடிகட்டியும் (மிக நுண்ணிய தூசியைப் பிடிப்பது) பையும் உள்ள, தரையில் இழுத்துக்கொண்டு போகும் நல்ல கனிஸ்டர் வேக்குவம் ஒன்றை வாங்கினோம். என் மகனுக்கும் மூச்சுப் பிரச்சினைதான், அதுவே எங்களுக்குப் போதுமாக இருக்கிறது. அக்கா, குழாய் பழுது என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். படுக்கையறைக் கார்பெட்டை எடுத்துவிடுவதையும் யோசியுங்கள்.

அஜாக்ஸ் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு காலை பக்கத்து வீட்டு ஷாப் வேக்கை வாங்கிச் சோதித்தோம். கீழே இரண்டு துளைகளும் தாளை விடாமல் பிடித்தன. மேல்மாடியில் தாள் அசையவே இல்லை. இவர் மூடியின் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தார். அண்ணா சொன்னது போலவே பசை இல்லை, குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. பசை பூசிச் சேர்த்தோம். மறுநாள் மேலேயும் தாள் ஒட்டிக்கொண்டது.

மகளின் கட்டில் பக்க மூலைக்குக் கயிறு நான்கு அடி எட்டவில்லை, அதனால் 35 அடி ஹோஸ். பை வைத்த மெஷின், காற்று வெளிச்சுவர் வழியாக. அவள் அறைக் கார்பெட்டையும் இந்தக் கோடையில் எடுக்கிறோம். கராஜில் இருக்கும் ஒரே பிளக்கில் கதவு மோட்டாரும் ஓடுகிறது. மெஷினுக்குத் தனி 15 அம்ப் இணைப்பு இழுக்க எலெக்ட்ரீசியன் சனிக்கிழமை வருகிறார்.