விளம்பரம் கேட்டதை முதலில் சொல்லும் சுயவிபரக்கோவை

கொழும்பிலுள்ள தனியார் நிறுவனமொன்றின் மனிதவளப் பிரிவில் பணியாற்றுவதால் சுயவிபரக்கோவைகளை நாள்தோறும் வாசிக்கிறேன். ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று கோவையைத் திருத்துவது பற்றிப் பேச்சு எழுந்தால், கொட்டாஞ்சேனையில் எங்கள் அயலில் வசிக்கும் தங்கை ஒருவரின் கோவையே எனக்கு உடனே நினைவுக்கு வரும்.

அவர் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு வேலை பார்த்தவர். கப்பற் சரக்குகளைக் கையாளும் நிறுவனமொன்று கணக்கு உதவியாளரைத் தேடி வெளியிட்ட விளம்பரத்துக்கு விண்ணப்பிக்க விரும்பினார். வங்கிக் கணக்கிணக்கம் (வங்கிக்கூற்றும் காசேடும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்தல்), சம்பளப் பட்டியல், ஊழியர் சேமலாப நிதிக் கொடுப்பனவு, சிங்களத்தில் உரையாடும் ஆற்றல் ஆகியவற்றை அவ்விளம்பரம் கேட்டிருந்தது. அவருடைய கோவையின் முதற் பக்கத்திலோ தேசிய அடையாள அட்டை இலக்கம், மதம், திருமண நிலை, சாதாரண தரத்தில் 9 பாடங்களுக்கும் கிடைத்த பெறுபேறுகள் ஆகியவையே நிறைந்திருந்தன. தொழில் அனுபவம் இரண்டாம் பக்கத்தின் அடியில் ‘கணக்கு எழுதுநர்’ என்ற ஒற்றை வரியாகக் கிடந்தது.

மாத முடிவில் கடையில் என்னென்ன செய்வாய் என்று கேட்டேன். ஒவ்வொருவரின் சம்பளத்திலும் 8 வீதத்தைக் கழித்து, முதலாளியின் பங்கான 12 வீதத்தையும் சேர்த்து, அடுத்த மாதம் முடிவதற்குள் சேமலாப நிதிக்குச் செலுத்துவதையும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதத்தைத் தனியாகக் கணக்கிடுவதையும், வங்கிக்கூற்றைக் காசேட்டுடன் ஒப்பிட்டு வேறுபாட்டைத் தேடுவதையும், சிங்கள வியாபாரிகளிடம் தொலைபேசியில் நிலுவை கேட்பதையும் அவர் தடையின்றிச் சொன்னார். “அதெல்லாம் கடையில செய்யிற வேலைதானே அக்கா, அதைப் போய் எழுதுறதா?” என்று அவர் கேட்டபோது எனக்கு மனம் வலித்தது.

விளம்பரத்தின் ஒவ்வொரு தேவைக்கும் எதிரே அவர் செய்த வேலையை எழுதி, அவற்றையே முதற் பக்கத்தின் மேற்பகுதிக்குக் கொண்டுவந்தோம். மதமும் திருமண நிலையும் நீங்கின. சாதாரண தரப் பெறுபேறுகள் ஒரே வரியாகச் சுருங்கின. அரசாங்க வர்த்தமானியில் மாதிரிப் படிவத்துடன் வெளிவரும் பதவிகளுக்கு இவ்வாறு செய்ய இயலாது. அங்கே படிவத்தின் ஒழுங்கையே பின்பற்ற வேண்டும்.

விளம்பரத்தின் சொற்களை அப்படியே பிரதி செய்வதை நான் ஏற்பதில்லை. எங்களிடம் நேர்முகத் தேர்வுக்கு வந்த ஓர் இளைஞரின் கோவையில் எங்கள் விளம்பர வாசகங்களே வரிசை மாறாமல் இருந்தன. வழங்கிய காசோலை வங்கிக்கு இன்னும் சமர்ப்பிக்கப்படாவிட்டால் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றில் அதை எவ்வாறு காட்டுவீர்கள் என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கு வேறு திறமைகள் இருந்திருக்கலாம். அவை கோவையில் இல்லாததால் அவற்றைப் பற்றிக் கேட்க எங்களுக்கு வழியிருக்கவில்லை.

தங்கைக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்தது. சேமலாப நிதிக் கணக்கைப் பற்றியே அதிகம் கேட்டார்களாம். அதன் முடிவு தெரியுமுன்பே களஞ்சியப் பதிவாளர் பதவியொன்றுக்கும் விண்ணப்பித்தார். அந்தக் கோவையில் கடையின் கையிருப்புப் பதிவேட்டைப் பராமரித்த வேலை மேலே வந்தது, சம்பளப் பட்டியல் கீழே சென்றது. இரு விளம்பரங்களையும் அருகருகே வைத்து வாசித்து அந்த வரிசையைத் தீர்மானித்தவர் அவரே.