கேட் டைம்: வாயில் நேரமா, எண்ணுகாலமா?

வேலூர்:
பாலிடெக்னிக் ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதிர்வெண் எண்ணி (நொடிக்கு எத்தனை அலை என்று எண்ணும் கருவி) பாடத்தில், எண்ணுவதற்காகக் கருவியின் வாயில் திறந்திருக்கும் நேரமான ‘கேட் டைம்’ மட்டும் இன்னும் தமிழாகவில்லை. செய்முறை இது: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மரில் 6 வோல்ட்டாக இறக்கி எண்ணிக்குக் கொடுக்க வேண்டும். கேட் 1 நொடி திறந்திருந்தால் கடைசி இலக்கம் ஒன்று கூடியும் குறைந்தும் தாவும். கேட் திறக்கும் கணத்துக்கும் அலை ஏறும் கணத்துக்கும் தொடர்பில்லை என்பதே காரணம். 10 நொடி வைத்தால் 0.1 ஹெர்ட்ஸ் வரை தெரியும். ‘வாயில் நேரம்’ என்று போட்டுவிடலாமா?

குடியாத்தம்:
வேண்டாம் ஐயா. தர்க்க வாயில் (லாஜிக் கேட்) படித்துவிட்டு வரும் மாணவர் இதையும் அதையும் போட்டுக் குழப்பிக்கொள்வார். ‘எண்ணுகாலம்’ என்பேன். ஊறுகாய் போல வினைத்தொகை, ஒற்றும் மிகாது.

காட்பாடி:
இதுவும் அதுவும் ஒன்றுதான் தம்பி. எண்ணியின் நடுவே இருப்பதே ஓர் ஆண்ட் வாயில், இரு உள்ளீடும் வந்தால்தான் வெளியீடு தரும் தர்க்க வாயில். ஒரு காலில் அளக்கவேண்டிய துடிப்புகள், மறு காலில் நேரச் சுற்றின் சமிக்ஞை. 10 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பைப் பத்துப் பத்தாக ஏழு தடவை வகுத்தால் 1 நொடி வந்துவிடும். தவிர, இரு துடிப்புகளின் இடைவெளியை அளக்கும்போது ஸ்டார்ட் துடிப்பு வாயிலைத் திறக்கிறது, ஸ்டாப் துடிப்பு மூடுகிறது. திறந்திருந்த நேரமேதான் விடை. வாயில் என்ற சொல் இல்லாமல் அதை எப்படி விளக்குவீர்கள்?

ஆரணி:
‘கன்னல்’ இருக்க இரண்டும் எதற்கு? முல்லைப்பாட்டின் குறுநீர்க் கன்னல் பொழுது அளக்கும் கருவிதானே. பழஞ்சொல் புதுப்பொருள் தாங்காது என்பவர்கள் ‘நொடி’யைப் பாருங்கள். தொல்காப்பியர் மாத்திரைக்குச் சொன்ன கைந்நொடி, 1967 முதல் சீசிய அணுவின் 9,192,631,770 அலைவுகளைச் சுமக்கிறது. கன்னலும் சுமக்கும்.

குடியாத்தம்:
அண்ணா, கன்னல் என்றால் கரும்பு என்றுதான் வகுப்பில் எழுதுவார்கள். காட்பாடி ஐயாவுக்கு: 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றது, அலைகள் எடுக்கும் நேரத்தை அளந்து அதிலிருந்து அதிர்வெண்ணைக் கணக்கிடும் தலைகீழ் எண்ணி. அதில் 1 நொடி வைத்தாலும் அலையின் விளிம்பில் திறந்து இன்னொரு விளிம்பில்தான் மூடும். அந்த நேரத்தைப் படிகத்தின் துடிப்புகளால் எண்ணுவதால் 1 நொடியிலேயே ஏழு இலக்கம் கிடைக்கிறது. நாம் வைத்த நேரம் வேறு, எண்ணிய நேரம் வேறு. இரண்டாவதைச் சரியாகச் சொல்வது எண்ணுகாலம்தான்.

வேலூர்:
நாள் இல்லை. குடியாத்தம் சொன்ன காரணம் பொருந்துவதால் எண்ணுகாலத்தையே போடுகிறேன். கருவி முகப்பில் கேட் என்றே இருப்பதால், முதல் இடத்தில் ‘கேட் டைம்’ பக்கத்தில் வரும்.

காட்பாடி:
எனக்கு ஒப்புதல் இல்லை. வைக்கும் நேரத்துக்கு வாயில் நேரம், திறந்திருந்த நேரத்துக்கு எண்ணுகாலம் என்று இரண்டும் வேண்டும். இன்னொன்று: அலை கடந்ததும் எண்ணி ஓர் எண்ணிக்கை கூட்டும் வோல்ட் அளவான டிரிகர் லெவலுக்குத் ‘தூண்டல் மட்டம்’ போட்டிருக்கிறீர்கள். தூண்டல் மின்காந்தத்துக்குப் போன சொல். அந்தப் பத்தியிலேயே ஒரு குறையும் இருக்கிறது. அந்த மட்டத்தைக் கடக்கும் இடத்தில் அலையில் இரைச்சல் ஏறியிருந்தால் எண்ணி ஓர் அலையை இரண்டாக எண்ணி 100 காட்டும். உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுக்கும் தாழ்கடத்து வடிகட்டியைப் போடு என்ற வரி விடுபட்டிருக்கிறது. சொல் எதுவானாலும், அதைச் சேர்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.