மேசை மேல் ஒரு மழைத்தெரு: 1:64 டேபிள்டாப் செட் போட்டவர்கள் எழுதுங்கள்

தெர்மாகோல்தாசன்

போட்டோ போட்டிகளில் டேபிள்டாப் பிரிவு (மேசை மேல் குட்டி செட் போட்டு எடுக்கும் படங்கள்) என்றதும் பலருக்கும் தோன்றுவது இரவு, மழை, டீக்கடை, ஓரமாக ஒரு பழைய கார். நடுவர்களுக்குச் சலித்துப்போன காட்சியாகவே இருக்கட்டும், வேலை பழக இதைவிட நல்ல செட் கிடையாது. 1:64 (நிஜத்தில் 64இல் ஒரு பங்கு) டைகாஸ்ட் காரை, அதாவது உலோகத்தில் வார்த்த பொம்மைக் காரை வைத்துச் செய்கிறவர்கள் கணக்கோடு எழுதுங்கள். "சூப்பரா வரும்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

செட்டைக் கட்டி முடித்துவிட்டுக் கேமராவுக்கு இடம் தேடக்கூடாது. முதலில் கேமராவை நிறுத்துங்கள், லென்ஸ் பார்க்கிற இடத்தை மட்டும் கட்டுங்கள். ஃபுல் ஃப்ரேமில் (36 × 24 மிமீ சென்சார் உள்ள கேமராவில்) 50 மிமீ லென்ஸை 40 செமீ தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் அங்கே தெரிவது சுமார் 25 செமீ அகலம். 90 செமீ தூரத்தில் சுமார் 57 செமீ. ஆக செட் முன்னால் குறுகி, பின்னால் விரிய வேண்டும். சதுரமாகக் கட்டினால் முன் மூலைகள் வீண் உழைப்பு, பின்னால் வீட்டுச் சுவர் எட்டிப் பார்க்கும்.

அளவுகள் எல்லாம் 64 ஆல் வகுத்ததுதான். 165 செமீ ஆள் 2.6 செமீ. ஏழடிக் கதவு 3.3 செமீ. பெஞ்ச் உயரம் 7 மிமீ. டீ கிளாஸ் 1.4 மிமீ உயரம், 1 மிமீக்குக் கொஞ்சம் குறைவான விட்டம். பழைய இயர்போன் ஒயரின் உள் இழை உறையைப் பிளேடால் சீவினால் சரியாக அந்தத் தடிமன். கட்டட மாடல் கடைகளில் கிடைக்கும் ஆட்கள் 1:50, 1:75, 1:100 அளவில்தான் வருகிறார்கள். 1:75 ஆளைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் சிறுவன் மாதிரி தெரியும். அவரையே ஒரு சாண் பின்னால் தள்ளி நிறுத்துங்கள், தெரு நீளமாகிவிடும்.

அடிப்பலகைக்கு 12 மிமீ பிளைவுட். தெர்மாகோல் மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தாலும், ரப்பர் சொல்யூஷன் தடவினாலும் அதிலுள்ள கரைப்பான் தின்றுவிடும், தெரு நடுவில் பள்ளம் விழும். தெர்மாகோல்தான் இருக்கிறது என்றால் முதலில் வெள்ளை மரப்பசை இரண்டு கோட் கொடுத்துக் காயவிட்டு அப்புறம் பெயின்ட்.

ரோட்டுக்குக் கறுப்பு வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். தார் ரோட்டு ஜல்லி 10 மிமீ என்றால் 64 ஆல் வகுத்து 0.16 மிமீ. அது கிட்டத்தட்ட 100 நம்பர் தாளின் துகள் அளவு. சாதாரண உப்புத்தாள் வேண்டாம், நனைந்தால் மணல் உதிரும்.

சொட்டுநீர்

100 நம்பர் கணக்குக்குச் சரி, கண்ணுக்குச் சரியில்லை அண்ணே. பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு துகளும் நிழல் விழுந்து, ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டாத ரோடு மாதிரி இருக்கும். நிஜ ரோட்டில் ஜல்லியின் தலை தேய்ந்து மட்டமாகியிருக்கும். 220 போடுங்கள். இல்லையென்றால் 100 தாளையே இன்னொரு தாளால் தேய்த்து மட்டப்படுத்துங்கள். தாள் 23 × 28 செமீதான் வரும், இணைப்பு விழத்தான் செய்யும். அந்த இணைப்பைப் பிளாட்பார விளிம்புக்கு அடியில் கொண்டுபோய் விடுங்கள். பசை முழுப் பரப்பிலும் போகவேண்டும், ஓரத்தில் மட்டும் தடவினால் ஈரத்தில் நடு உப்பிக்கொள்ளும்.

இப்போது தண்ணீர். இந்த செட்டைக் காட்டிக்கொடுப்பது காரோ ஆளோ இல்லை, தண்ணீர்தான். மற்ற எல்லாவற்றையும் 64 மடங்கு சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. வாட்டர் பேப்பர் மேல் ஊற்றிய தண்ணீர் ஓரத்தில் 2 மிமீ தடிப்பாக உருண்டு நிற்கும். தெருவின் அளவில் அது 13 செமீ. அதனால்தான் பல படங்களில் குட்டை ஜெல்லி ஊற்றியது போல இருக்கிறது. பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்தால் உருளாமல் படியும். நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள். படம் எடுக்க நேரமாகும் என்றால் தண்ணீரும் கிளிசரினும் சரிபாதி, விளக்குச் சூட்டில் சீக்கிரம் காயாது. நிரந்தரக் குட்டைக்குப் பளபளப்பான (gloss) வார்னிஷ், மெல்லிய கோட் மூன்று. ஒரே கோட்டாக ஊற்றினால் குமிழி மாட்டிக்கொள்ளும்.

கார் மேல் ஸ்ப்ரே பாட்டிலால் அடிக்காதீர்கள். அரை மிமீ சொட்டு 64 மடங்கில் 3 செமீக்கு மேல், எலுமிச்சம்பழம் அளவு. அதற்குப் பதில் காருக்குப் பளபளப்பான வார்னிஷ் கோட் கொடுத்து, பின்னாலிருந்து ஒளி விட்டால் போதும். நனைந்த கார் என்று கண்ணே நம்பிக்கொள்ளும்.

விழுகிற மழைக்கும் கணக்கு உண்டு. 45 செமீ உயரத்திலிருந்து விழும் சொட்டு செட்டை எட்டும்போது வேகம் நொடிக்கு 3 மீட்டர். 1/60 நொடியில் எடுத்தால் 5 செமீ கோடு, கார் நீளத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குக் கம்பி கம்பியாக வரும். 1/500 வைத்தால் 6 மிமீ. அதுதான் மழை. மழைக்குப் பின்னால் பலமான ஒளி, பின்னணி இருட்டு, இரண்டும் இல்லாமல் எந்த ஷட்டரிலும் மழை தெரியாது.

ஈயப்பற்று

தண்ணீர் தெளிக்கிற செட்டில் வீட்டு மின்சாரம் கூடாது. எல்லாம் பேட்டரி. சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அடாப்டரை மேசையிலேயே வைத்துத் தெளிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

தெருவிளக்குக்கு 3 மிமீ வார்ம் எல்இடி. 9 வோல்ட் பேட்டரிக்கு ஒவ்வொரு எல்இடிக்கும் 390 ஓம் ரெசிஸ்டர், 15 மில்லிஆம்பியர் போகும். அதுவே அதிகம். 2.2 கிலோஓம் போட்டுப் பாருங்கள், தெருவிளக்கு அப்போதுதான் தெருவிளக்காக இருக்கும். பழைய சோடியம் விளக்கு நிறம் வேண்டுமா, குமிழ் மேல் கண்ணாடியில் அடிக்கும் ஆரஞ்சு பெயின்ட் ஒரு கோட். காரின் ஹெட்லைட்டுக்கு 0805 சைஸ் எஸ்எம்டி (கால் இல்லாத மிகச் சிறிய எல்இடி), ஒரு சிஆர்2032 பட்டன் செல், ரெசிஸ்டர் வேண்டாம். செல்லின் உள் தடையே கரெண்டைக் கட்டுப்படுத்தும். எனாமல் கம்பியை (மெல்லிய பூச்சே உறையாக உள்ள செம்புக் கம்பி) பற்றவைக்கும் முன் நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள். சுரண்டாமல் வைத்தால் ஈயம் ஒட்டினது போலவே இருக்கும், விளக்கு எரியாது.

கடைக்குள் டியூப்லைட் வைக்க எல்இடி ஃபிலமென்ட் (பல்பு இழை மாதிரி இருக்கும் எல்இடி குச்சி) துண்டு நல்லது. நாலடி டியூப் 1.9 செமீ வரவேண்டும், ஃபிலமென்ட் அதைவிட நீளமாகத்தான் கிடைக்கும். வெட்டினால் எரியாது. மிச்ச நீளத்தைக் கடைப் பலகைக்குப் பின்னால் மறையுங்கள். ஃபோம் போர்டு சுவர் உள்ளே விளக்குப் போட்டதும் முழுதும் ஒளிரும். உட்பக்கம் கறுப்பு அடித்து அலுமினிய ஃபாயில் ஒட்டி, அதன்மேல் கடைச் சுவர் நிறத்தைக் கொடுங்கள்.

டிம்மர் வைத்து எல்இடி ஸ்ட்ரிப்பைக் குறைத்தால் படத்தில் வரிவரியாக விழலாம். பெரும்பாலான டிம்மர் ஒளியைக் குறைப்பதில்லை, வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிறது. அதுவும் சொட்டுநீர் சொல்கிற 1/500இல் விழ வாய்ப்பு இன்னும் அதிகம். ஒளி குறைய வேண்டுமென்றால் டிரேசிங் பேப்பர் ஒன்றிரண்டு மடிப்பு போடுங்கள், இல்லையென்றால் விளக்கைத் தள்ளி வையுங்கள். ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்தைக் கேமரா சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் இருந்தால் இத்தனை பாடுபட்ட ஆரஞ்சு வெளுத்துப்போகும். 3800 கெல்வின் பக்கம் பூட்டிவிடுங்கள்.

மின்கம்பத்து ஒயருக்குத் தையல் நூல் வேண்டாம், பஞ்சு தெரியும். 42 கேஜ் எனாமல் கம்பி 0.1 மிமீ. அதைக் கறுப்பாக்கிக் கொஞ்சம் தொய்வாகக் கட்டுங்கள்.

புதுசு64

அண்ணா, டிஎஸ்எல்ஆர் இல்லை, போன்தான். முடியுமா?

கூர்நுனி

முடியும் தம்பி. ஒரு விஷயத்தில் போன் உங்களுக்குச் சாதகம். நிற்கிற ஆளின் கண் உயரம் 150 செமீ, 1:64இல் 2.3 செமீ. டிஎஸ்எல்ஆரை மேசையில் அப்படியே உட்காரவைத்தாலும் லென்ஸ் நடு அதைவிட உயரத்தில்தான் இருக்கும், படம் மாடியிலிருந்து பார்த்தது போல வரும். அதனால் பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் செட்டைத் தூக்கிக் கேமராவைக் கீழே இறக்க வேண்டும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் ரோட்டோடு ஒட்டிவிடும். படத்தை அப்புறம் திருப்பிக்கொள்ளலாம்.

அடுத்தது ஃபோகஸ் ஆழம். ஃபுல் ஃப்ரேம், 50 மிமீ, 40 செமீ தூரம், எஃப்/11 (லென்ஸ் துவார அளவு; எண் கூடினால் துவாரம் சிறிது): கூர்மையாக வருவது சுமார் 4 செமீ மட்டும். எஃப்/16இல் 5 செமீக்குச் சற்று மேல். கார் 7 செமீ. முன் பம்பர் தெளிவு, பின் பம்பர் மங்கல் என்றால் பொம்மை என்று உடனே தெரிந்துவிடும். வழி இரண்டு. ஒன்று, எஃப்/8இல் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்துப் பதினைந்து ஃப்ரேம் எடுத்து ஸ்டாக் செய்வது, அதாவது சாஃப்ட்வேரில் ஒரே படமாகச் சேர்ப்பது. ஆனால் ஊதுபத்திப் புகையோ விழும் மழையோ இருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அது வேறு இடத்தில் இருக்கும், ஸ்டாக் செய்ததும் பேய் மாதிரி திட்டுத்திட்டாக நிற்கும். இன்னொன்று, காரைப் பக்கவாட்டில் நிறுத்தி, டீ மாஸ்டர், பெஞ்ச், கார் மூன்றையும் சென்சாருக்கு இணையாக ஒரே தளத்தில் கொண்டுவருவது. மழை வேண்டும் என்றால் இரண்டாவதுதான். பின்னணி மங்கினால் மங்கட்டும். கசக்கி விரித்த அலுமினிய ஃபாயிலை அரை மீட்டர் பின்னால் வைத்து ஒரு டார்ச் அடித்தால் தூரத்துக் கடைவீதி விளக்குகள் தயார்.

புகைக்கு ஒரு குறிப்பு. ஊதுபத்தியை செட்டுக்குள் செருகினால் ஒற்றை நூலாக மேலே போகும். செட் மேல் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே கொஞ்சம் புகை நிரப்பி, ஃபேனை நிறுத்திவிட்டுப் பெட்டியை மெதுவாகத் தூக்குங்கள்.

தெர்மாகோல்தாசன்

பின்னணி கட்டவே வேண்டாம் என்பவர்களுக்கு, பகல் காட்சி. அமெரிக்காவில் மைக்கேல் பால் ஸ்மித் 1:24 கார்களை வெளியே மேசையில் அடுக்கி, பின்னால் நிஜ வீடுகளும் மரங்களும் வரும்படி எடுத்தார். வித்தை மேசை உயரத்தில் இருக்கிறது. 1:24இல் கண் உயரம் 6 செமீ, அதன் 24 மடங்கு 144 செமீ. லென்ஸ் மேசைப் பரப்பிலிருந்து 6 செமீ, தரையிலிருந்து 144 செமீ இருக்கும்படி மேசையை உயர்த்துங்கள். மேசையின் பின் விளிம்பு லென்ஸிலிருந்து 60 செமீ என்றால், விளிம்புக்கு மேல் தெரியத் தொடங்கும் நிஜ ரோடு 14.4 மீட்டர் தள்ளி இருக்கும். அதுவும் 24 மடங்கு. பொம்மை ரோடும் நிஜ ரோடும் அந்த விளிம்பில் தானாகச் சேரும். சாதா மேசை உயரத்தில் வைத்தால் நிஜ ரோடு தப்பான அளவில் வந்து முட்டும். நிழல் திசை பிரச்சினையே இல்லை, இரண்டுக்கும் ஒரே சூரியன்.

கூர்நுனி

அனுப்பும் முன் விதியைப் படியுங்கள். சில போட்டிகளில் ஒரே எக்ஸ்போஷர் (ஒரே தடவை எடுத்த படம்) என்று இருக்கும், ஃபோகஸ் ஸ்டாக்கும் அங்கே செல்லாது. நேச்சர், போட்டோ ஜர்னலிசம் பிரிவுகளில் செட் போட்ட படத்துக்கு இடமே இல்லை. ரா ஃபைலை (கேமரா பதிந்த மூலக் கோப்பை) அழிக்காதீர்கள், கேட்பார்கள். செட்டைப் பிரிக்கும் முன் கேமராவும் விளக்குகளும் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். கணினியில் உருவாக்கியது என்று யாராவது சந்தேகப்பட்டால் அதைக் காட்டலாம். அப்புறம், முழுத்திரையில் 100 சதவீதம் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். ரோட்டில் கிடக்கும் ஒரு தலைமுடி தெரு அளவில் நாலைந்து மிமீ கேபிள், அதைப் படம் எடுத்தபின் சாஃப்ட்வேரில் அழிப்பதைவிட எடுக்கும் முன் பிரஷ்ஷால் தள்ளிவிடுவது சுலபம்.