ஃபோர்ஸ் ஃபீல்டு அனாலிசிஸ்: விசைப்புலமா, இழுபறியா?

வணக்கம் நண்பர்களே,

ஒரு மாற்றத்தை நோக்கித் தள்ளுபவை எவை, தடுப்பவை எவை என்று தாளில் எழுதிப் பார்க்கும் முறைதான் ஃபோர்ஸ் ஃபீல்டு அனாலிசிஸ் (force field analysis). நம் கையேட்டில் இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> விசைப்புலப் பகுப்பாய்வு என்றே இருக்கட்டும். காந்தப்புலம், மின்புலம் எல்லாம் பள்ளியிலேயே படித்ததுதானே.

பாடநூலுக்கு அது சரி, எனக்கு மறுப்பில்லை. இந்த முறையைத் தந்த உளவியலாளர் குர்ட் லெவின் இதை இயற்பியலில் இருந்துதான் எடுத்தார். ஆனால் அவர் சொன்ன புலம் ஒருவர் தன்னைச் சுற்றி இருப்பதாக எதையெல்லாம் உணர்கிறாரோ அது. நம்முடைய புலம் என்ற சொல்லுக்கு வயல், இடம் என்பதோடு புலன், அறிவு என்றும் பொருள் இருப்பதால் ஆங்கிலத்தைவிடத் தமிழில்தான் இது நன்றாகப் பொருந்துகிறது என்றுகூடச் சொல்வேன். சிக்கல் விசையில்தான். மகளிர் குழுக் கூட்டத்தில் சார்ட் பேப்பரை விரித்து "விசை" என்று ஆரம்பித்துப் பாருங்கள், விசைத்தறியும் விசைப்படகும்தான் முதலில் நினைவுக்கு வரும். நம் கையேடு ஊருக்குள் வேலை செய்கிறவர்களுக்கு.

> அப்படியானால் "சாதக பாதக அலசல்" போதுமே?

போதாது. சாதக பாதகம் என்பது ஒன்றைச் செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் பார்ப்பது. லெவின் கேட்டது வேறு கேள்வி: மாறவேண்டும் என்று பலரும் சொல்லியும் ஒரு நிலைமை ஏன் அப்படியே நிற்கிறது? ஒரு பக்கம் தள்ளுகிறது, மறுபக்கம் அதே அளவுக்குத் தடுக்கிறது, அதனால் நிற்கிறது என்பது அவர் பதில்.

கழிப்பறையையே எடுத்துக்கொள்வோம். 2014 அக்டோபரில் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபின் தனிநபர் இல்லக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் கொடுத்தார்கள். கட்டினார்கள். கட்டிய பல வீடுகளில் அதற்குள் விறகு அடுக்கியிருந்தது. இப்போது தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு "கழிப்பறை இருக்கிறது, ஆண்கள் வெளியேதான் போகிறார்கள்" என்று எழுதுங்கள். இடப்பக்கம் தள்ளுகிற காரணங்கள்: பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, மழைக்காலம், முட்டிவலியோடு இருக்கும் பாட்டி, இருட்டில் போய்வரும் பெண்களின் பயம், ஊராட்சியின் நெருக்கடி. வலப்பக்கம் தண்ணீர் சுமக்கவேண்டும், காலையில் காற்றாட நடந்துபோய்ப் பழகிவிட்டது என்றெல்லாம் வரும். கொஞ்ச நேரம் பேசவிட்டால்தான் கடைசியில் ஒன்று வெளியே வரும்: "குழி நிறைந்தால் யார் அள்ளுவது?"

ஒவ்வொரு காரணத்துக்கும் அதன் வலுவுக்கேற்ற நீளத்தில் அம்புக்குறி போடுவது வழக்கம். எனக்குத் தெரிந்து வலப்பக்கத்தில் இதற்குத்தான் மிக நீளமான அம்புக்குறி போடவேண்டும். அரசு பரிந்துரைத்தது இரட்டைக் குழி. ஒன்று நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, ஓராண்டுக்கு மேல் மூடிவைத்தால் முதல் குழியில் இருப்பது மக்கி எருவாகிவிடும். அறிவியல் சரிதான். ஆனால் குழி அள்ளுவதைத் தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட சாதிகளின் தலையில் கட்டிவிட்டு, அதைத் தொட்டாலே இழிவு என்று வளர்ந்த வீட்டில் அந்த எருவை எவரும் தொடமாட்டார்கள். அதனால் குழி நிறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அதாவது உபயோகிப்பதில்லை, அல்லது அறை அளவுக்கு செப்டிக் டேங்க் கட்டப் பணம் சேரட்டும் என்று காத்திருக்கிறார்கள். வட இந்தியக் கிராமங்களைப் பற்றி ஆய்வாளர்கள் டயேன் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

இந்த அம்பைத் தொடாமல் இடப்பக்கத்தில் மட்டும் சுவர் விளம்பரம், அபராதம், விடியற்காலையில் விசில் ஊதிக்கொண்டு ஒரு படை என்று கூட்டிக்கொண்டே போனால் ஊரில் எரிச்சல்தான் கூடும். தள்ளுவதைக் கூட்டினால் இறுக்கமும் கூடும், தடுப்பதைக் குறைத்தால் இறுக்கமில்லாமலே நகரும் என்பதுதான் லெவின் நமக்குச் சொல்லிவிட்டுப்போன முக்கியமான விஷயம். அவர் நடத்திய சோதனை ஒன்றைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நல்ல இறைச்சி படைக்குப் போய்விட, மிச்சமிருந்த இதயம், சிறுநீரகம் போன்றவற்றை வீட்டில் சமைக்கவைக்க வேண்டியிருந்தது. சொற்பொழிவு கேட்ட இல்லத்தரசிகளில் 3 சதவீதம் பேர் சமைத்தார்கள். கூடி உட்கார்ந்து சமைக்கும்போது வரும் வாடை, கணவர் முகம் சுளிப்பது என்று தடைகளைத் தாங்களே பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். தேர்ச்சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை இருக்கும்போது வடம் பிடிக்க ஆள் சேர்த்து என்ன பயன்?

அதனால் என் பரிந்துரை "இழுபறி அலசல்". தொகுதிப் பங்கீட்டில் இழுபறி என்று நாளிதழில் படித்துப் படித்து, இரண்டு கட்சிகள் சண்டை போடுவதுபோல் தொனிக்கிறது என்பீர்கள். தொனிக்கிறதுதான். ஆனாலும் எந்தப் பக்கமும் நகராமல் நிற்பது என்ற பொருளை ஒரே சொல்லில், விளக்கம் இல்லாமல், யாருக்கும் புரியவைக்க வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு பக்கங்களுக்கும் "தள்ளுபவை", "தடுப்பவை" என்று தலைப்பிடலாம். உந்துவிசை என்றால் ராக்கெட் ஞாபகம் வருகிறது, தடை என்றால் தடைச் சட்டம். முட்டுக்கட்டை என்ற சொல்லையே வைக்கலாமா என்றும் யோசித்தேன், ஆனால் "முட்டுக்கட்டை போடுகிறார்" என்றால் வேண்டுமென்றே கெடுக்கிறார் என்று ஆகிவிட்டது. தண்ணீர்ப் பஞ்சத்துக்கு ஏது கெட்ட எண்ணம்?

விசைப்புலப் பகுப்பாய்வைச் சொல்லடைவில் இணைச்சொல்லாகக் கொடுத்துவிடலாம், தேடுகிறவர்களுக்கு உதவும். அப்புறம், இழுபறி என்ற சொல் யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் இதே பொருளில் பேச்சில் வழங்குகிறதா என்று அங்கிருக்கும் நண்பர்கள் யாராவது சொன்னால் முடிவெடுக்கச் சுலபமாக இருக்கும்.