ஸ்மோக்கருக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

மண்டபம் வாத்தியார், செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம். வெல்டிங் படிக்கும் பையன்களுக்குத் தமிழில் ஒரு செய்முறை ஏடு தயார் செய்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் அச்சகத்துக்குப் போக வேண்டும். மூலம் அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கத்துச் சமாச்சாரம். பழைய இரும்பு டாங்கியைப் படுக்கவைத்து, ஒரு முனையில் விறகு எரிக்கப் பெட்டி ஒன்றை வெல்டு வைத்து, மொத்தத்தையும் டிரெய்லரில் ஏற்றி, வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் இறைச்சி வேகவைக்கிறார்கள். நெருப்பு இறைச்சியைத் தொடாது. சூடும் புகையும் மட்டும் டாங்கிக்குள் நுழைந்து மறுமுனைப் புகைபோக்கி வழியாக வெளியே போகும். 107 முதல் 121 டிகிரி செல்சியஸ்தான் சூடு. பெரிய மாட்டுத் துண்டு என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் பையன்கள் கோழியும் சீலா மீனும் வைக்கப் போகிறார்கள்.

இதை ஸ்மோக்கர் என்கிறார்கள். தமிழில் ஒரு சொல் வேண்டும். விறகு எரியும் பகுதி ஃபயர்பாக்ஸ். நேராகப் பெயர்த்தால் தீப்பெட்டி. "தீப்பெட்டியை 6 மி.மீ. தகட்டில் செய்யவும்" என்று அச்சடித்தால் சிவகாசிக்காரர்கள் சிரிப்பார்கள்.

பாம்பன், செவ்வாய் காலை

வாத்தியாரே, ஸ்மோக்கர்னா எங்க ஊர்ல பீடி குடிக்கிற ஆளு. புகைப்பான்னு மாத்தினாலும் அதே ஆளுதான் வந்து நிக்கிறான்.

பரமக்குடி புலவர், செவ்வாய் மாலை

அன்புடையீர்,

நம்மிடம் இல்லாத சொல்லா? பொருநராற்றுப்படையில் கரிகாலன் வைத்த விருந்தைப் பாருங்கள்: "காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை". காழ் என்பது இரும்புக்கம்பி. சுடு என்பது முதல் நீண்டு சூடு ஆகும், கெடு கேடாவதைப் போல. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஆகவே சூட்டுக்கலம். புகையும் வர வேண்டுமானால் ஊன்புகைச்சூட்டுக்கலம். இழுத்துச் செல்வதால் இழுவை ஊன்புகைச்சூட்டுக்கலம்.

இன்னொரு செய்தி. பார்பிக்யூ என்ற சொல் ஸ்பானிய மொழியின் பார்பகோவா வழியாகக் கரீபியத் தீவுகளின் டைனோ மக்களிடமிருந்து வந்தது. அவர்கள் மொழியில் அது குச்சிகளைக் கட்டி உயர்த்திய சட்டம். அதாவது பரண்! பரண், பரணகம், பார்பகோவா. ஒலி ஒற்றுமையும் பொருள் ஒற்றுமையும் ஒருசேர அமைவது தற்செயலா? நம் கடலோடிகள் போகாத கரை எது? விரிவாக நாளை எழுதுகிறேன்.

தொண்டி, செவ்வாய் இரவு

ஐயா, பரணை நாளைக்கும் இறக்க வேண்டாம், தயவுசெய்து.

காழில் குத்திச் சுடுவது நெருப்புக்கு நேர் மேலே. வாத்தியார் கேட்பதில் நெருப்பு தனி அறையில் இருக்கிறது. இரண்டும் வேறு சமையல். அப்புறம், கையில் கிரைண்டர் பிடித்து நிற்கிற பையன் ஊன்புகைச்சூட்டுக்கலத்தை வாசித்து முடிப்பதற்குள் தகடு அவன் விரலைப் பதம் பார்த்துவிடும். நான் பிழைப்புக்கு மொழிபெயர்க்கிறவள். வாசிக்கிறவர் நின்று யோசிக்காத சொல்தான் எனக்கு நல்ல சொல். புகையடுப்பு. ஃபயர்பாக்சுக்கு எரியறை. முடிந்தது.

கீழக்கரை, புதன் காலை

சலாம். புகையடுப்பு என்று உம்மாவிடம் சொன்னேன். "விறகு ஈரமா இருக்கும், காயவச்சு எரி" என்றார். அரசாங்கமே புகையில்லா அடுப்பு என்று ஊர் ஊராகச் சொல்லி ஓய்ந்துவிட்டது. இப்போது நாம் புகையடுப்பு என்று ஒன்றைக் காசு கொடுத்துச் செய்யச் சொன்னால் யார் நம்புவார்?

நான் சவூதியில் சமையல் வேலை பார்த்தவன். குழிக்குள் கறியை இறக்கி மூடி வேகவைப்பார்கள், மந்தி என்று பெயர். இங்கே வந்தும் மந்தி என்றே விற்கிறோம். குரங்குக் கறியா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்மோக்கர் என்றே விட்டுவிடுங்கள் காக்கா.

சாயல்குடி, புதன் காலை

இவ்வளவு பேர் பேசுகிறீர்கள், நம் ராமநாதபுரம் மாவட்டத்துச் சொல்லை ஒருவரும் எடுக்கவில்லையே. எனக்குக் கரி வியாபாரம். சீமைக்கருவேலத்தை அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, ஈரமண் பூசி, தீ வைத்து உள்ளுக்குள்ளேயே கனியவிடுவோம். கரிமூட்டம் என்போம். முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும். வாழைத்தாரைப் புகை போட்டுப் பழுக்கவைப்பதும் மூட்டம்தான். ஆக இது புகைமூட்டம், கருவி புகைமூட்டி. தமிழும் இருக்கிறது, ஆளுக்கும் புரிகிறது.

இன்னொன்று. டெக்சாஸ்காரர்கள் மெஸ்கீட் என்று பெருமையாக எரிக்கிறார்களே, அது சீமைக்கருவேலத்தின் பங்காளி. ஒரே பேரினம். நாம் கோர்ட்டு வரைக்கும் போய் வெட்டு வெட்டு என்கிற மரத்தின் உறவுக்காரனை அவர்கள் கறிக்கு மணம் சேர்க்க வைத்திருக்கிறார்கள்.

பரமக்குடி புலவர், புதன் மதியம்

மூட்டம் அருமையான சொல். ஆனால் வேர் எது? ஆடு ஆட்டம், ஓடு ஓட்டம், கூடு கூட்டம். அந்த வரிசையில் மூடு மூட்டம். மேகமூட்டம் என்பதில் வானம் மூடப்படுகிறது, மூட்டப்படுவதில்லை. எனவே மூட்டத்தின் வேர் மூடுதல். சாயல்குடி அன்பர் சொல்லும் மூட்டி, தீ மூட்டு என்பதிலிருந்து வருவது. இரண்டும் ஒரு வேரா, இரு வேரா? சாக்கு மூட்டுவது, மூட்டை, முழங்கால் மூட்டு எல்லாம் பொருத்துதல், இணைத்தல். தீ மூட்டுதலும் விறகோடு நெருப்பைப் பொருத்துவதுதானே? "விளக்கைப் பொருத்து" என்று இன்றும் சொல்கிறோம்! ஆக மூட்டுதலும் பொருத்துதலும்

தொண்டி, புதன் மதியம்

ஐயா, மடல் பாதியில் நிற்கிறது.

கீழக்கரை, புதன் மதியம்

நல்லவேளை. எங்கள் ஊரில் மூட்டுவது என்றால் கைலி மூட்டுவது. புகைமூட்டி என்று போர்டு வைத்தால் நாலு பேர் கைலியோடு வருவார்கள்.

மண்டபம் வாத்தியார், புதன் இரவு

சாயல்குடி அண்ணனின் சொல்லைத்தான் போடலாம் என்று இருந்தேன். ஆனால் தொழில்முறையில் அது நேர் எதிர். கரிமூட்டத்தில் காற்றை அடைக்க வேண்டும். மண்ணில் விரிசல் விட்டால் கரி சாம்பலாகிவிடும். இங்கே காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடைத்தால் வெள்ளைப் புகை கட்டி, கறியில் கசப்பு ஏறும். அதனால்தான் எரியறை, பெரிய டாங்கியின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும் என்கிறார்கள். சின்ன அறையில் தீ திணறும். மூட்டம் என்று பெயர் வைத்தால் பையன் கதவை இறுக்கி மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

டாங்கியைக் கலன் என்று மாற்றச் சொல்லித் தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். மாட்டேன். அந்தப் பக்கத்தில்தான் எச்சரிக்கை இருக்கிறது: வால்வைக் கழற்று, தண்ணீரை நிரப்பு, அப்புறம்தான் வெட்டு. காலியாகத் தெரிகிற டீசல் டாங்கியும் வெடிக்கும். கால்வனைஸ் தகட்டில் தீ வைத்தால் துத்தநாகப் புகை, அதை இதில் சேர்க்கவே கூடாது. வீட்டுச் சிலிண்டர் கேஸ் கம்பெனியின் சொத்து, அதைத் தொடாதே. இந்தப் பக்கத்தில் மட்டும் தமிழ் வளர்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சாயல்குடி, வியாழன் காலை

> மூட்டம் என்று பெயர் வைத்தால் பையன் கதவை இறுக்கி மூடிவிட்டு

எங்கள் ஆட்கள் புகையைப் பார்த்தே சொல்வார்கள் தம்பி. முதலில் கெட்டியாக வெள்ளையாக வரும், அது ஈரம். பிறகு மெலிந்து நீலமாகும். டெக்சாஸ்காரர்களும் மெல்லிய நீலப் புகை வந்த பிறகுதான் கறியை வைக்கிறார்களாமே. அப்படியென்றால் அறிவு ஒன்றுதான். காற்றைக் கூட்டுவது, குறைப்பது உங்கள் பாடு. பேரை மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

பாம்பன், வியாழன் காலை

மாசிக் கருவாடும் புகை போட்டதுதான அண்ணே? சூரை மீனை அவிச்சு, புகை போட்டு, வெயில்ல காயவச்சு லட்சத்தீவு மினிக்காய்ல இருந்து வருது. அதுக்கு யாரும் பேரு தேடல. மாசின்னா மாசி.

அப்புறம், ஃபயர்பாக்சுக்கு நெருப்புப் பெட்டின்னு மட்டும் வச்சிராதீங்க. தனுஷ்கோடிக்கு அந்தாண்ட, இலங்கையில, தீப்பெட்டிக்கே அதான் பேரு.

தொண்டி, வியாழன் மதியம்

மாசியில் புகை பதப்படுத்துவதற்கு. இதில் வேகவைப்பதற்கு. அதற்குப் புகையூட்டல், இதற்குப் புகைவேக்காடு என்று செயலைப் பிரித்துவிடலாம். கருவிக்குப் புகையடுப்பே இருக்கட்டும். உம்மாவுக்குப் படத்தைக் காட்டினால் புரிந்துவிடும். ஏட்டில் படம் உண்டுதானே?

பரமக்குடி புலவர், வியாழன் இரவு

ஏட்டின் வரைவைப் பார்த்தேன். ஆக்சில் என்று எட்டு இடத்தில் வருகிறது. இது பொறுக்க முடியாதது. "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்று வள்ளுவர் சொல்லியிருக்க, ஆக்சில் எதற்கு? மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்பது உங்கள் டிரெய்லருக்கே எழுதிய குறள். புறநானூறு 102இல் ஔவையார் உமணரின் வண்டிக்கு அடியில் "சேம அச்சு" கட்டியிருப்பதைச் சொல்கிறார். இன்றைய ஸ்டெப்னிக்கு அந்தச் சேமம் போதும். அந்த உமணர் விற்றது உப்பு. நம் வாலிநோக்கத்தில் இன்றும் உப்பளம் இருக்கிறது. சேமச்சக்கரம் என்று போடுங்கள். சகடம் வடசொல்லா தமிழா என்பதைப் பற்றி

மண்டபம் வாத்தியார், வெள்ளி காலை

ஐயா, குறளை அச்சு பற்றிய பக்கத்தின் தலைப்பில் போட்டுவிட்டேன், ஏனென்றால் அங்கேதான் சிக்கல். எரியறை கனமானது, பின்னால் தொங்குகிறது. அச்சைச் சரியான இடத்தில் வைக்காவிட்டால் வண்டி வால் ஆட்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

மற்றபடி அச்சகத்துக்குப் போவது இது: தலைப்பில் டிரெய்லர் புகையடுப்பு. உள்ளே எரியறை, புகைபோக்கி, புகைவேக்காடு. டாங்கி டாங்கியாகவே. காற்றுக் கதவுக்கு டாம்பர் என்பதை எடுத்துவிட்டுக் காற்றுக் கதவு என்றே போட்டேன். எதிர்ப்பு இருந்தால் மதியம் ஒரு மணிக்குள் சொல்லுங்கள்.

கீழக்கரை, வெள்ளி காலை

எதிர்ப்பு இல்லை. ஜும்மாவுக்குக் கிளம்புகிறேன். கடை போட்டால் போர்டில் ஸ்மோக்கர்தான்.

சாயல்குடி, வெள்ளி காலை

எனக்கு எதிர்ப்பு உண்டு. விறகு கேட்டு வந்தால் பில்லில் "புகைமூட்டத்துக்கு" என்றுதான் எழுதுவேன். விலையில் மாற்றம் இல்லை.

பரமக்குடி புலவர், வெள்ளி மதியம் 12.50

புகையடுப்பு என்பதில் இலக்கணப் பிழை இல்லை. அதனால் மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. சூட்டுக்கலத்தை ஏட்டின் கடைசிப் பக்கத்திலாவது சேர்த்திருக்கலாம். ஆக்சிலை எடுத்தாயிற்றா என்பதை மட்டும் தெரிவிக்கவும்.

மண்டபம் வாத்தியார், வெள்ளி மதியம்

எடுத்தாயிற்று ஐயா. எட்டு இடத்திலும் அச்சு. முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஆக்சில்.